பாய்லருக்குப் பின்னால் இருந்த வாளி

சட்டையை வாங்கியதும் ஒக்ரான் விரித்துப் பார்க்க மாட்டாள், முகர்ந்து பார்ப்பாள். கழுத்துப் பட்டை, அக்குள், கைமடிப்பு என்று மூன்றே இடம். பிறகு தலையைத் தூக்காமலே கேட்பாள்: "எப்போ பட்டுச்சு? எதுல பட்டுச்சு? உள்ளதச் சொல்லணும். பொய் சொன்னா கறை போகாது."

தென்கொரியத் துறைமுக ஊரான மாசானில் அந்த மேட்டுத் தெருக்காரர்களுக்கு இந்த விசாரணை பழகிவிட்டது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரே ஒருமுறை கறுப்புக் கோட்டை நீட்டியபடி கைகட்டி நின்று, "பால்னு சொல்லலாம்னுதாம்மா வந்தேன். அரிசிக் கள்ளுதான்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒக்ரான் சிரிக்கவில்லை. மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பாரா?

நாற்பத்தாறு வயது. குள்ளம். இருபது வருட இஸ்திரியில் வலது முன்கை இடதைவிட ஒரு சுற்றுப் பருத்துவிட்டது. பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பல் துலக்கும் பிரஷ் இருக்கும். அது பல்லுக்கல்ல, காலருக்கு. துணிகளைத் துணி என்று சொல்லாமல் ஆட்களாகவே சொல்வாள். "பல் டாக்டர் இன்னும் காயல. பூக்கடைக்காரியப் பிழிஞ்சு போடுங்க. சர்ச் மூப்பரத் திருப்பிப் போட்டு ஒரு தேய் தேயுங்க." புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு ஒரு அடி பின்வாங்குவார்கள்.

கணவன் தோசிக் காலையில் அடுக்குமாடிக் கட்டடங்களின் படியேறி, "சேத்தாஆஆக்!" என்று கூவித் துணி வாங்கி வருவான். சலவைக்காரன் வந்திருக்கிறான் என்பதற்கு அந்த ஊரில் அதுதான் குரல். கடையில் ஒக்ரான் நிற்பாள். தலைக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் நெருக்கியடித்துத் தொங்கும். வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு. அதில் மீன் குழம்புக் கடை வைத்திருக்கும் தால்சூன் மத்தியானக் கூட்டம் தொடங்குவதற்கு முன் வந்து உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே ஊரை உரிப்பாள். ஐம்பத்தைந்து வயது, குரல் தெருமுனை வரை கேட்கும்.

ஒக்ரானுக்குப் பெயர் வாங்கித் தந்தது ரத்தக் கறை. கசாப்புக் கடைக்காரரின் மேலங்கி, மீன் சந்தைப் பெண்களின் கையுறை, மூக்கில் ரத்தம் வடித்த பையனின் சீருடை எல்லாம் அவளிடம்தான் வரும். "ரத்தமா? பச்சைத் தண்ணி. வெந்நீர்ல போட்டா வெந்து ஒட்டிக்கும். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று எல்லோருக்கும் சொல்வாள்.

அந்த வருடம், இரண்டாயிரத்துப் பதினேழு, ஆகஸ்ட் மாதத்தில் தொலைக்காட்சி முழுக்க ஒரே பேச்சு. கடையில் விற்கும் நாப்கின்களில் ஏதோ வேதிப்பொருள் இருக்கிறதாம், பெண்களுக்கு உடம்பு கெடுகிறதாம் என்று. ஒக்ரான் அதைக் காதில் வாங்காதவள்போல் இஸ்திரியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆனால் நாலைந்து கோடையாகவே அவளுக்குத் தொடையிடுக்கு வெந்து போயிருந்தது. நாள் முழுக்க நீராவிக்குப் பக்கத்தில் நின்று வேலை. அந்த நாட்களில் தோல் உரிந்து, நடந்தால் எரிந்து, ஒருக்களித்துத்தான் உட்காருவாள். மருந்துக் கடையில் கேட்கவும் வாய் வரவில்லை. கொசுக்கடி என்று சொல்லிக் களிம்பு வாங்கி வந்தாள்.

தேகு நகரத்தில் வேலை பார்க்கும் மகள் சேஜின் செப்டம்பரில் ஒரு பார்சல் அனுப்பினாள். உள்ளே பன்னிரண்டு துணி நாப்கின்கள். வெள்ளைப் பருத்தி, வெளிப்புறம் சின்னச் சின்ன ஊதாப் பூ, உள்ளாடையில் சுற்றி மாட்ட டிச் பட்டன். ஒக்ரான் உடனே போன் போட்டாள்.

"என்னடி இது? உங்கம்மாவப் பிச்சைக்காரின்னு நெனச்சியா?"

"அம்மா, இப்போ எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இதுதாம்மா."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. எனக்கு எதுக்கு?"

"அந்த ரெண்டு வருஷமும் எரியணுமா?"

மகளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒக்ரானுக்குப் புரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அவள் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் வெளுக்கப் போடும் துணிக்கும் அந்த நாட்களின் துணிக்கும் ஒரே பெயர்தான்: சோதாப். பதினான்கு வயதில் ஒக்ரானும் சோதாப் கட்டியவள்தான். ஆறு பேருக்கு ஓர் அறை. வீட்டார் எழும் முன் துவைத்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகி உலர்த்த வேண்டும். ஒருநாள் அண்ணனைத் தேடி அவன் சிநேகிதன் வந்திருந்தான். அலமாரிக்குப் பின்னாலிருந்து அது நழுவி விழுந்தது. அவன் துண்டு என்று நினைத்து எடுத்து, தர்ப்பூசணி தின்ற கையை அதில் துடைத்துக்கொண்டான். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அவர்கள் போன பிறகு அம்மா அடித்தது ஒக்ரானைத்தான். பதினெட்டில் ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்சாலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியபோது, ஊர் வழக்கப்படி எல்லோரும் அம்மாவுக்கு உள்ளாடை வாங்கினார்கள். இவளும் வாங்கினாள். கூடவே தனக்கென்று ஒரு கட்டு நாப்கின். இனிமேல் துணியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் உடம்பு கேட்கவில்லை. செப்டம்பர் கடைசியில், எரிச்சல் தாங்காத ஒரு காலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த ஊதாப் பூவில் ஒன்றை எடுத்து மாட்டினாள். மத்தியானம் வரை அதை நினைத்துக்கொண்டே இருந்தாள். மாலையில்தான் கவனித்தாள், நேராக உட்கார்ந்திருக்கிறாள். எரியவில்லை.

அதற்குப் பிறகு தொடங்கியது ஒளித்து வைக்கும் வேலை. காலியான பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவி, மூடி போட்டு, பின்னறையில் பாய்லருக்குப் பின்னால் வைத்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'கடும் மருந்து. தொடாதே' என்று எழுதி ஒட்டினாள். அதில் ஊறும். பிறகு பார் சோப்புப் போட்டுக் கசக்கி, நீண்ட கோட்டுகளுக்கு நடுவே தொங்கவிடுவாள். வெயில் பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்கிறவள் ஆயிற்றே. ஆனாலும் ஊராரின் உள்ளாடையைக் கூசாமல் கொடியில் போடுகிற அதே கை, தன்னுடையதைப் பல் டாக்டரின் கோட்டுக்குள் செருகியது. கணவனிடமும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை சாங்கு வந்தார்.

ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். மேட்டுத் தெருவிலிருந்து துறைமுகம் வரை ஓட்டுவார். ஒவ்வொரு திங்களும் நான்கு வானநீலச் சட்டைகளை மடித்துக் கொண்டுவருவார். அழுக்குச் சட்டையை யாராவது மடிப்பார்களா? அவர் மடிப்பார். மனைவி பிரிந்து போய் மூன்று வருடம். நாரே என்று பதின்மூன்று வயதில் ஒரு மகள். அவ்வளவுதான் தெருவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை.

அன்று சட்டைகளை வைத்த பிறகும் போகவில்லை. நாள்காட்டியைப் பார்த்தார். மேலே தொங்கும் கோட்டுகளைப் பார்த்தார். பெஞ்சில் தால்சூன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுக்குமாடிச் சங்கத் தலைவரின் மனைவி, கம்பளிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் எழுகிற மாதிரி இல்லை. கடைசியில் அவர் மேசைமேல் குனிந்து, குரலை இறக்கிக் கேட்டார்.

"முதலாளியம்மா, ரத்தக் கறை... பழசாயிட்டா போகுமா?"

ஒக்ரான் வழக்கம்போல உரக்கக் கேட்டாள். "எப்போ பட்டுச்சு? எதுல பட்டுச்சு? உள்ளதச் சொல்லுங்க."

அவர் கோட்டுக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து ஒரு முனையை மட்டும் பிரித்தார். ஊதாப் பூ. டிச் பட்டன். பூவுக்கு நடுவே வெந்து பழுப்பேறிய கறை.

ஒக்ரானுக்குக் காது அடைத்தது. அது தன் வாளியிலிருந்து எடுத்தது போலவே இருந்தது. ஒரு கணம் அப்படித்தான் நினைத்துவிட்டாள்.

"பொண்ணுக்குத் தோல் வியாதி. கடையில விக்கிறது ஒத்துக்கல. பள்ளிக்கூட நர்ஸம்மா இத வாங்கச் சொன்னாங்க. நான்தான் தொவைக்கிறேன். போகவே மாட்டேங்குது" என்றார் சாங்கு. காது நுனி சிவந்திருந்தது.

"அது என்னது? கொழந்தைக்குக் கட்டுற துணியா?" தால்சூன் பெஞ்சிலிருந்து கழுத்தை நீட்டினாள்.

ஒக்ரானின் கையில் துணி மாட்டும் கம்பி இருந்தது. அதன் முனையால் பொட்டலத்தை மேசை விளிம்புக்குத் தள்ளினாள். விரலால்கூட இல்லை, கம்பியால்.

"ட்ரைவர் சார், இது ஊர்ச் சட்டை தொவைக்கிற எடம். இதெல்லாமா கொண்டு வருவாங்க? வீட்டுல ஒரு பொம்பள இல்லாட்டி இப்படித்தான்."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். சாங்கு பொட்டலத்தை எடுத்தார். பிரித்த முனையை மறுபடி மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, இன்னொரு தடவை மடித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். வெளியே போய்விட்டார். சட்டைகளுக்குச் சீட்டு வாங்கவும் மறந்துவிட்டார்.

"இந்தக் காலத்துல யாருடி துணி வைக்கிறா? பஞ்சத்துல அடிபட்ட மாதிரி" என்றாள் தால்சூன்.

"அதானே" என்றாள் ஒக்ரான்.

சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடியில் டிச் பட்டன் அழுத்தியது. அன்று அவளுக்கு இரண்டாம் நாள்.

அன்று பகலில் வெள்ளைச் சட்டை ஒன்றின் கையை இஸ்திரியில் கருக்கிவிட்டாள். இருபது வருடத்தில் இது மூன்றாவது. "உடம்பு சரியில்லையா, சேஜின் அம்மா?" என்று தோசிக் கேட்டான். "வெயிலு" என்றாள். அக்டோபர் மாதத்தில் என்ன வெயில் என்று அவன் கேட்கவில்லை.

அடுத்த திங்கள் சாங்கு வரவில்லை. நான்கு நீலச் சட்டைகளும் உறைக்குள் தொங்கின. துணி வாங்கப் போன தோசிக்தான் சேதி கொண்டுவந்தான். "ஏழாம் நம்பர்ல ஏறுனேன். ட்ரைவர் சட்டை கசங்கிக் கெடக்கு. அவரு சட்டை இங்கதான இருக்கு? ஏன் வரல?" பிறகு சாதாரணமாகச் சொன்னான். "அவரு பொண்ணு ஒரு வாரமாப் பள்ளிக்கூடம் போகலையாம். கூடப் படிக்கிறதுங்க என்னமோ பேரு வச்சுக் கூப்பிடுதாம். துணிக்காரின்னு."

இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒக்ரான் பெஞ்சுக்குத் திரும்பினாள். "அக்கா, நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

தால்சூன் பூண்டை ஊதித் தோலைப் பறக்கவிட்டாள். "கடையில சாப்பிட வந்தவங்க கிட்டச் சும்மா சிரிப்புக்குச் சொன்னேன். ஆனா நான் யாரு பேரையும் சொல்லலடி. ஏழாம் நம்பர் பஸ் ட்ரைவர்னுதான் சொன்னேன்."

தால்சூனைத் திட்டலாம். திட்டினால், அந்தச் சிரிப்புக்கு விதை போட்டது யார் என்று அவள் கேட்பாள். ஒக்ரான் பின்னறைக்குப் போய் பாய்லருக்குப் பின்னால் நின்றாள். வாளியைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து விழுந்த அந்த நாளுக்குப் பிறகு இவளும் நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்று சிரித்தது அண்ணன். இன்று சிரிக்க வைத்தது இவள்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பகல் பதினோரு மணிக்கு நான்கு சட்டைகளையும் ஒரு பை தக்காளி போன்ற சீமைப் பனிச்சைப் பழத்தையும் எடுத்துக்கொண்டு, சாங்குவின் மூன்றாம் மாடி வீட்டுப் படியேறினாள். படியில் இரண்டு தடவை நின்றாள். மூச்சு வாங்கியதனால் அல்ல.

கதவைத் திறந்தவர் பனியனோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் அவசரமாக ஒரு சட்டையை மாட்டிக்கொண்டார். அடுப்பில் பார்லித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"சட்டைய விட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள்.

"ஆமா. வரணும்னுதான் இருந்தேன். நேரம் கிடைக்கல." அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு அவரே ஆரம்பித்தார். "நீங்க சொன்னது சரிதான், முதலாளியம்மா. ஊர்ச் சட்டை போடுற எடத்துக்கு அதக் கொண்டு வந்திருக்கக் கூடாது. எனக்கு யாரக் கேக்கிறதுன்னு தெரியல. கறைன்னா உங்களத்தான் தெரியும். அதான் வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வாய்க்குப் பழகின கேள்வியையே கேட்டாள்.

"எந்தத் தண்ணியில போட்டீங்க?"

"கொதிக்கக் கொதிக்க. கிருமி சாகட்டும்னு."

"அய்யோ, வேக வச்சுட்டீங்களே!"

தொழில் வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாங்கு நிஜமாகவே பயந்துவிட்டார். "கெட்டுப் போச்சா?"

"கெடல. கறை ஒட்டிக்கும், அவ்வளவுதான். பச்சைத் தண்ணியில போடணும். ஒடனே போடணும்." பழப் பையைத் தரையில் வைத்தாள். "நானும் அப்படித்தான் போடுறேன்."

"எத?"

"அதத்தான். என்னோடத. நானும் அதான் வச்சிக்கிறேன். அதே பூ."

பார்லித் தண்ணீர் பொங்கி அடுப்பில் சீறியது. சாங்கு போய் அடுப்பை அணைத்தார். அணைத்தபின்னும் திரும்பாமல் அடுப்பைப் பார்த்தே நின்றார். அவர் கழுத்து சிவந்துவிட்டது. இவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வேற்று ஆணிடம், அவர் வீட்டு அடுப்பங்கரையில் நின்று இதைச் சொல்லியாயிற்று.

"அப்புறம் ஏன் அன்னிக்கு..." அவர் முடிக்கவில்லை.

"பயம். அவங்க என்னப் பாத்தும் சிரிச்சுடுவாங்கன்னு."

அவர் பொங்கி வழிந்ததைத் துடைத்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, மெல்லிதாக, ஆனால் தெளிவாக.

"அப்பா, அவங்களப் போகச் சொல்லுங்க."

ஒக்ரான் வாசலுக்குத் திரும்பினாள். காலணியை மாட்டிக்கொண்டாள். சாங்கு பின்னால் வந்து செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினார். "குப்பையில தூக்கிப் போட்டுட்டா. நான் எடுத்து வச்சிருந்தேன். இப்போ மறுபடி கடையில விக்கிறதத்தான் வச்சிக்கிறா. புண்ணாப் போயிருச்சு, உக்கார முடியல. போடாதன்னு சொன்னா அழுகுறா." அவர் குரல் இறங்கியது. "இதுல ஏதாவது பண்ண முடியுமா?"

வெறுங்கையால், இரண்டு கையாலும், அதை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தோசிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பார்சல் வந்ததிலிருந்து கம்பியால் தள்ளியது வரை. அவன் பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்கக் கத்தி நின்றுபோனது.

"அப்போ அந்த மருந்து வாளி?"

"மருந்து இல்ல."

"அய்யய்யோ!" அவன் கத்தியைக் கீழே வைத்தான். "போன வாரம் மூப்பரோட காலர அதுலதான ஊற வச்சேன்!"

"தொடாதேன்னு எழுதியிருந்தேனே!"

"நீ தொடாதேன்னு எழுதுனா நல்ல மருந்தா இருக்கும்னு நெனச்சேன்."

ஒக்ரானுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. தோசிக் எழுந்து வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். அவனுக்கு இதையெல்லாம் பேசத் தெரியாது. உள்ளே வந்து, "மூப்பருக்குச் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டான்.

"திரும்பத் தொவச்சுக் குடுத்துடலாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஒக்ரான் பின்னறைக்குப் போகவில்லை. துவைக்கும் பேசினைக் கடையின் முன்பக்கம் கொண்டுவந்து பெஞ்சுக்கு எதிரே வைத்தாள். பச்சைத் தண்ணீர். சோடா உப்பு. பின் பாக்கெட்டிலிருந்து பிரஷ். பொட்டலத்தைப் பிரித்தாள். ஆறு இருந்தன. ஒவ்வொன்றாக நனைத்து, விரல் நுனியால் சோப்பைத் தடவி, நூல் போன திசையிலேயே தேய்த்தாள். சங்கத் தலைவரின் மனைவி கம்பளிக் கோட்டுக்குச் சீட்டோடு வந்திருந்தாள். தால்சூன் பூண்டுக் கூடையோடு உள்ளே வந்து, பேசினைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அடியே, அது அந்த ட்ரைவர் வீட்டுது இல்ல?"

"ஆமா."

"உனக்கென்ன பைத்தியமா? கடை வாசல்ல வச்சு..."

ஒக்ரான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும். "நானும் இதான் வச்சிக்கிறேன், அக்கா. ஒரு மாசமா."

தால்சூன் கூடையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அதானேன்னு சொன்னியேடி?"

"சொன்னேன். சொன்னப்போ இதுமேலதான் உக்காந்திருந்தேன்." முகம் கொதித்தது. கண்ணைப் பேசினிலிருந்து எடுக்க முடியவில்லை. "ஒரு மனுஷன் நம்பி வந்தாரு. நான் அவரக் கம்பியால தள்ளுனேன். நீ சிரிச்சே, போய்ச் சொன்னே. அந்தப் பொண்ணு இப்போ பள்ளிக்கூடம் போகல. முதல்ல பண்ணது நான்தான், அக்கா. உன்னச் சொல்லல. ஆனா நீயும்தான்."

தால்சூன் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "காலங்காத்தால..." என்று ஏதோ முனகிக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள் பெஞ்சு காலியாக இருந்தது. சங்கத் தலைவரின் மனைவி மேலே தொங்கிய தன் கோட்டைக் காட்டி, "அத அப்படியே குடுத்துடுங்க. வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்றாள். தனிப் பேசின், தனிப் பிரஷ் என்று ஒக்ரான் பொய் சொல்லியிருக்கலாம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டை இறக்கிக் கொடுத்தாள்.

மூன்று நன்றாக வெளுத்துவிட்டன. மூன்றில் வெந்த கறை போகவில்லை. மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பார்த்தாள். வெளிறிய தேநீர் நிறத்தில் ஒரு வளையம் நின்றுவிட்டது. ஆறையும் கடை வாசலில் சட்டைகள் காயும் கொடியில், வெயிலில் போட்டாள். போட்டுவிட்டு உள்ளே வந்து, தெருவில் யார் காலடி கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கூச்சம் ஒரு காலையில் போய்விடுமா என்ன? மாலையில் அவற்றை எடுக்கப் போனபோது ஓடித்தான் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். தால்சூனும் அன்றுதான் திரும்ப வந்து, பெஞ்சின் ஓரத்தில், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து செதிலாடிய தோல். விளையாட்டுச் சீருடையின் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"அப்பா அனுப்பினாரு" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது யார் என்று.

ஒக்ரான் மேசைக்கு அடியிலிருந்து மடித்து வைத்த ஆறையும் எடுத்தாள். "மூணுல கறை கொஞ்சம் இருக்கு. போகல. உன்னால என்னாலன்னு இல்ல, வெந்நீர் பட்டதால. ஆனா துணி சுத்தம். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது." பிறகு குரலைத் தாழ்த்தி, நாரேக்கு மட்டும் கேட்கும்படி, "கறுப்புப் பையில போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

நாரே பெஞ்சில் இருப்பவர்களை ஒரு தடவை பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஒக்ரான் பையில் போட்டு, வாயை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள். பெண் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. திரும்பிக் கதவுப் பக்கம் நடந்தாள்.

ஒக்ரான் மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். பின் பாக்கெட்டு பிரஷ் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. கடை நடுவில் நின்று, மன்னிப்புக் கேட்கிறவர்கள் செய்வதுபோல் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் சேர்த்து, அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணின் முதுகைப் பார்த்து, சர்ச் மூப்பருக்குக்கூட அப்படிக் குனிந்ததில்லை, இடுப்பு மடிய, நெற்றி முழங்காலை நோக்கி இறங்கக் குனிந்தாள். கதவு திறந்து தெருவின் சத்தம் உள்ளே வந்தது. கதவு சாத்திக்கொண்டது. பெஞ்சில் யாரோ செருமினார்கள். அவள் நிமிரவில்லை.